தட்டில் சாகும் புற்றுச்செல் உடலுக்குள் ஏன் பிழைக்கிறது?

கேள்வி இதுதான்: ஆய்வகத்தில் வளர்ப்புத் தட்டில் மருந்தை விட்டால் புற்றுச்செல்கள் கொத்துக்கொத்தாகச் சாகின்றன. அதே மருந்து நோயாளியின் உடலில் சில மாதங்களில் தோற்றுவிடுகிறது. சில கட்டிகளில் முதல் நாளிலிருந்தே பலிப்பதில்லை. கட்டியின் மரபணுக்களைப் படித்துப் பார்த்தாலும் மருந்தெதிர்ப்பைத் தரக்கூடிய மாற்றம் ஒன்றும் அகப்படவில்லை. அப்படியானால் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது?

பல நேரம் அக்கம்பக்கத்திலிருந்து வருகிறது. கட்டிக்குள் புற்றுச்செல்களோடு ரத்தக்குழாய்கள், ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் நார் சுரக்கும் செல்கள், மேக்ரோபேஜ் போன்ற நோயெதிர்ப்புச் செல்கள், நரம்பு இழைகள், கொலாஜனும் ஹையலுரோனிக் அமிலமும் பின்னிய இடைப்பொருள் எல்லாம் இருக்கின்றன. சில கட்டிகளில் நுண்ணுயிர்களும் உண்டு. கணையப் புற்றில் கட்டியின் பெரும்பகுதியே புற்றுச்செல் அல்லாத இந்தச் சமாச்சாரம்தான். இவை அனைத்தும் சேர்ந்ததைத்தான் கட்டியின் நுண்சூழல் என்கிறோம்.

சூழல்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? 1990-இல் வெளியான ஒரு சோதனை இதற்கு நல்ல சான்று. எலியின் மார்பகக் கட்டியொன்றுக்கு, எலியின் உடலுக்குள்ளேயே வைத்து, சிஸ்பிளாட்டின், சைக்ளோபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்து எதிர்ப்பை உண்டாக்கினார்கள். பிறகு அந்தச் செல்களைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்த்தால், மருந்துக்கு எப்போதும்போலச் செத்தன. மறுபடி எலிக்குள் வைத்தால் எதிர்ப்பு திரும்பிவிட்டது. செல்லின் மரபணுவில் நிரந்தரமாக எழுதப்பட்ட எதிர்ப்பாக இருந்தால், இடம் மாறியதும் இப்படி வந்து போகாது. இன்றைக்கும் இதுவே அடிப்படைப் பரிசோதனை: செல்லை வெளியே எடு, எதிர்ப்பு போகிறதா பார், உள்ளே வை, திரும்பி வருகிறதா பார்.

முதல் சிக்கல், மருந்து போய்ச் சேருவதே. கட்டியின் ரத்தக்குழாய்கள் அவசரத்தில் போட்ட குழாய்கள் மாதிரி: கோணல்மாணல், ஓட்டை, சில இடத்தில் முட்டுச்சந்து. ஓட்டை வழியே கசியும் திரவத்தை வடித்து எடுக்க வேண்டிய நிணநாளங்கள் கட்டியின் நடுப்பகுதியில் நசுங்கிக் கிடக்கும். அதனால் இடைத்திரவ அழுத்தம் ஏறுகிறது. சாதாரணத் திசுவில் இது சுழியை ஒட்டியே இருக்கும். திடக் கட்டிகளில் 10 முதல் 40 மில்லிமீட்டர் பாதரசம் வரை சர்வசாதாரணமாக அளந்திருக்கிறார்கள். குழாய்க்கு உள்ளும் புறமும் அழுத்தம் ஏறக்குறைய சமமாகிவிட்டால் மருந்தை வெளியே தள்ளும் விசையே இல்லை. மெல்லப் பரவித்தான் போகவேண்டும். சிறு மூலக்கூறுகள் எப்படியோ போய்விடும். ஆன்டிபாடி போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கு இது பெரும் தடை.

சிறு மூலக்கூறு என்றாலும் தூரம் போவதில்லை. டாக்ஸோரூபிசின் தானாகவே ஒளிரும் மருந்து என்பதால், கட்டித் திசுவில் அது எங்கே நிற்கிறது என்று நேரடியாகப் பார்க்கலாம். ரத்தக்குழாயிலிருந்து 40 முதல் 50 மைக்ரான் போவதற்குள் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. அதாவது இரண்டு மூன்று செல்களைத் தாண்டுவதற்குள். வழியிலிருக்கும் செல்களே அதை உறிஞ்சி டிஎன்ஏவில் ஒட்டவைத்துக்கொள்கின்றன என்பதுதான் காரணம். ஆக்சிஜன் தீரும் இடமோ 100 மைக்ரானை ஒட்டியோ அதைத் தாண்டியோதான் வருகிறது. ஆகவே ஆக்சிஜன் குறைந்த வட்டத்தில் வாழும் செல்களுக்கு மருந்தும் எட்டுவதில்லை. ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கட்டிக்குள்ளும் அதே அளவு இருக்கும் என்று நினைப்பது மிகப் பொதுவான தவறு.

அடுத்தது அமிலத்தன்மை. இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கட்டிச் செல்கள் குளுக்கோஸை வேகவேகமாக எரித்து லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளுகின்றன. செல்லுக்கு வெளியே பிஎச் 6.5 முதல் 6.9 வரை இறங்குகிறது, செல்லுக்குள் 7.2-ஐ ஒட்டியே நிற்கிறது. டாக்ஸோரூபிசின் ஒரு வலுவற்ற காரம், அதன் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் மின்னூட்டம் பெற்றிருக்கும் பிஎச்) ஏறத்தாழ 8.2. மின்னூட்டம் இல்லாத வடிவம்தான் செல்சவ்வை எளிதாகக் கடக்கும். பிஎச் 7.4 என்றால் மருந்தில் சுமார் 14 சதவீதம் அந்த வடிவத்தில் இருக்கும், பிஎச் 6.6 என்றால் சுமார் 2.5 சதவீதம்தான். மருந்தின் அளவு மாறவில்லை, ஆனால் உள்ளே நுழையத் தகுதியான பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. தப்பித்தவறி உள்ளே நுழைந்ததும்கூட, செல்லின் அமிலப் பைகளான லைசோசோம்களில் மாட்டிக்கொண்டு உட்கருவுக்குப் போகாமல் நின்றுவிடலாம். வலுவற்ற அமிலமான குளோராம்புசில் போன்ற மருந்துக்கு இதே சூழல் சாதகம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எல்லா மருந்துக்கும் ஒரே விதி கிடையாது. இதைப் படித்துவிட்டுச் சமையல் சோடாவைக் கரைத்துக் குடித்தால் போதும் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. எலிகளில் அப்படிக் கொடுத்து மருந்தின் வேகம் கூடியதைக் காட்டியிருப்பது உண்மை. மனிதரில் நுரையீரலும் சிறுநீரகமும் ரத்தத்தின் பிஎச்சை 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். அதை மீறும் அளவுக்குச் சோடியம் ஏற்றினால் முதலில் கெடுவது நோயாளிதான்.

ஆக்சிஜன் குறைவு தனியே ஒரு வேலை செய்கிறது. கதிர்வீச்சு செல்லைக் கொல்ல ஆக்சிஜன் துணை வேண்டும். ஆக்சிஜன் அற்ற செல்லைக் கொல்ல ஏறக்குறைய 2.5 முதல் 3 மடங்கு கதிரளவு தேவைப்படும். பிளியோமைசின் போன்ற மருந்துகளுக்கும் ஆக்சிஜன் அவசியம். அதற்கு மேல், மூச்சுத்திணறும் செல் பெருகுவதை மெதுவாக்குகிறது. பெருகும் செல்லைக் குறிவைக்கும் கீமோ மருந்துகள் தூங்கும் செல்லைக் கண்டுகொள்வதில்லை. எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் ஆக்சிஜன் இருக்கும்போது சில நிமிடங்களில் அழிக்கப்படும். இல்லாதபோது அழியாமல் சேர்ந்து, நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தட்டி எழுப்பும். இந்த ஆக்சிஜன் உணர் அமைப்பைக் கண்டறிந்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. எழுப்பப்படும் மரபணுக்களில் ஒன்று பி-கிளைக்கோபுரதத்துக்கானது: உள்ளே வந்த மருந்தைப் பிடித்து வெளியே இறைக்கும் பம்பு.

இதுவரை சொன்னது இயற்பியலும் வேதியியலும். மருந்து தாராளமாகப் போய்ச் சேர்ந்து, இலக்கையும் அடைத்துவிட்ட பிறகும் செல் பிழைக்கும் கதை வேறு. என் கணக்கில், குறிவைத்துத் தாக்கும் மருந்துகளின் காலத்தில் இதுதான் முக்கியமான பகுதி.

வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் பிராஃப் மரபணுவில் மாற்றம் உள்ள மெலனோமா என்ற தோல் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெமுராஃபெனிப் அந்த பிராஃப் புரதத்தை அடைக்கிறது, தட்டில் செல்கள் சாகின்றன. பக்கத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட்களையும் சேர்த்து வளர்த்தால் சாவதில்லை. 2012-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் 45 புற்றுச்செல் வகைகளை 23 வகைத் துணைச் செல்களோடு சேர்த்து, 35 மருந்துகளை ஓட்டிப் பார்த்தார்கள். துணைச் செல்களால் எதிர்ப்பு வருவது அரிதான விதிவிலக்கு இல்லை, அடிக்கடி நடப்பது என்று தெரிந்தது. மெலனோமாவில் காரணம் எச்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி. ஃபைப்ரோபிளாஸ்ட் அதைச் சுரக்க, புற்றுச்செல்லின் மேலுள்ள மெட் என்ற ஏற்பி அதைப் பிடித்து, அடைபட்ட பாதையைச் சுற்றிக்கொண்டு வளர்ச்சிச் செய்தியை உள்ளே அனுப்புகிறது. முன்வாசலைப் பூட்டினால் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிடும் ஆள் வெளியே நிற்கிறான். நுரையீரல் புற்றில் இஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சி ஏற்பியை அடைக்கும் மருந்துகளுக்கும் எச்ஜிஎஃப் இதையே செய்கிறது. புற்றுச்செல்லின் மரபணுவில் எதுவும் மாறவில்லை, ஆகவே மரபணுப் பரிசோதனையில் எதுவும் தெரியாது.

ஒட்டிக்கொள்வதும் ஒரு பாதுகாப்பு. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றின் செல்கள் எலும்பு மஜ்ஜையின் இடைப்பொருள் புரதமான ஃபைப்ரோநெக்டினில் இன்டெக்ரின் கொக்கிகளால் பற்றிக்கொண்டால், மிதக்கும் அதே செல்களைவிட மருந்தை நன்றாகத் தாங்குகின்றன. இந்த எதிர்ப்புக்கு மாதக்கணக்கில் தேர்வு நடக்கவேண்டியதில்லை. ஒட்டியதும் வரும், விட்டதும் போகும். ரத்தப் புற்றுகளில் சிகிச்சைக்குப் பிறகு எஞ்சும் சொற்பச் செல்கள் மஜ்ஜையில் பதுங்கிக் கிடப்பதற்கு இது பெரிய காரணம். சிஎக்ஸ்சிஎல்12 என்ற ஈர்ப்புப் புரதம் அவற்றை அங்கே நிறுத்தி வைக்கிறது. இதையே திருப்பிப் பார்த்தால் ஒரு நடைமுறைச் செய்தி கிடைக்கும்: நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றில் இப்ருட்டினிப் என்ற மருந்தைத் தொடங்கிய முதல் வாரங்களில் ரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கை ஏறும். நிணக்கணுக்களில் பற்றியிருந்த செல்கள் பிடி விட்டு ரத்தத்துக்கு வருவதால் ஏற்படும் ஏற்றம் அது. கணுக்கள் சுருங்கிக்கொண்டிருக்க எண்ணிக்கை மட்டும் ஏறினால் மருந்து தோற்றுவிட்டது என்று நிறுத்துவது தவறு.

மருந்தையே சூழல் கெடுத்துவிடுவதும் உண்டு. கணையப் புற்றுக்குக் கொடுக்கும் ஜெம்சிட்டபின், டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளான டீஆக்சிசைட்டிடினின் போலி. மேக்ரோபேஜ்கள் உண்மையான டீஆக்சிசைட்டிடினைச் சுரந்து, போலியோடு போட்டிக்கு விடுகின்றன. பாக்டீரியாக்கள் இன்னும் நேரடியாகவே செய்கின்றன: சிலவற்றில் உள்ள சைட்டிடின் டீஅமினேஸ் என்ற நொதி ஜெம்சிட்டபினைப் பயனற்ற பொருளாக மாற்றிவிடும். 2017-இல் ஒரு ஆய்வுக்குழு சோதித்த 113 கணையப் புற்று மாதிரிகளில் 86-இல் பாக்டீரியா இருந்தது. அதே ஆய்வில், எலிகளில் சிப்ரோஃப்ளாக்ஸசின் சேர்த்தபோது மருந்து மறுபடி வேலை செய்தது. இதை வைத்துக்கொண்டு நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக் சேர்க்கலாமே என்று தாவக்கூடாது. நோயெதிர்ப்பு மருந்துகள் நன்றாக வேலை செய்யக் குடல் பாக்டீரியா தேவைப்படுகிறது என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் ஒரு பக்கம் கிடைப்பது இன்னொரு பக்கம் போகும்.

நோயெதிர்ப்பு மருந்துகளுக்குச் சூழல் எந்த அளவுக்கு முக்கியம் என்று நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பிடி-1 தடுப்பி என்ற வகை மருந்தின் வேலையே, புற்றுச்செல்லைக் கொல்லும் நோயெதிர்ப்புச் செல்லான டி செல்லின் பிரேக்கை எடுத்துவிடுவது. டி செல் கட்டிக்குள் இல்லாவிட்டால் பிரேக்கை எடுத்து என்ன பயன்? டி செல் உள்ளே இருக்கும் கட்டி, அறவே இல்லாத கட்டி, ஓரத்தில் வந்து நின்றுவிட்ட கட்டி என்று மூன்றாகப் பிரிப்பார்கள். மூன்றாவது வகையில் டிஜிஎஃப்-பீட்டா என்ற செய்திப் புரதம் தூண்டிய ஃபைப்ரோபிளாஸ்ட்கள் கொலாஜன் வேலி போட்டுவிடுகின்றன. சிறுநீர்ப்பைப் புற்றில் அட்டெசோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து பலிக்காதவர்களிடம் இந்த அடையாளத்தை 2018-இல் காட்டினார்கள். இவை தவிர அடினோசின், லாக்டிக் அமிலம், ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று உள்ளே வந்த டி செல்லையும் மயக்கிப்போடும் ஏற்பாடுகள் நிறைய.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: சிகிச்சையே சூழலை மாற்றுகிறது. கீமோ கொடுக்கும்போது ஃபைப்ரோபிளாஸ்டின் டிஎன்ஏவும் அடிபடுகிறது. அடிபட்ட ஃபைப்ரோபிளாஸ்ட் சாகாமல், காயத்துக்கு மருந்து போடும் பாவனையில் வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கும். புராஸ்டேட் புற்றில் இப்படிச் சுரக்கும் டபிள்யூஎன்டி16பி என்ற புரதம் அடுத்தடுத்த சுற்றுகளில் பக்கத்துப் புற்றுச்செல்களைக் காப்பாற்றுவதை 2012-இல் காட்டியிருக்கிறார்கள். முதல் சுற்றில் சுருங்கிய கட்டி நாலாவது சுற்றில் அசையாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு விளக்கம். சூழல் தரும் இந்தத் தற்காலிகப் பாதுகாப்பு செல்லுக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கிறது. அந்த அவகாசத்தில் உண்மையான மரபணு மாற்றம் தோன்றிவிட்டால் பிறகு சூழலைச் சரிசெய்தும் பயனில்லை.

சரி, சூழல்தான் குற்றவாளி என்றால் அதை அழித்துவிடலாமே? செய்து பார்த்தார்கள், சூடு பட்டார்கள். கணையப் புற்றின் நார்த்திசுவைக் குறைக்க ஃபைப்ரோபிளாஸ்ட்களைத் தூண்டும் ஹெட்ஜ்ஹாக் என்ற செய்திப் பாதையை அடைக்கும் மருந்தை ஜெம்சிட்டபினோடு கொடுத்தபோது, எலிகளில் மருந்து உள்ளே போவது கூடியது. 2009-இல் வந்த அந்த முடிவு பெரும் நம்பிக்கையை உண்டாக்கியது. நோயாளிகளில் சரிடெகிப் என்ற அந்த மருந்தை வைத்து நடந்த சோதனையை 2012-இல் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது, ஏனென்றால் அதைப் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமாகப் போனார்கள். 2014-இல் எலிச் சோதனைகள் காரணத்தைச் சொல்லின: நார்த்திசு மருந்தைத் தடுப்பதோடு கட்டியையும் கட்டிப்போட்டிருந்தது. அதை எடுத்ததும் கட்டி இன்னும் மூர்க்கமாக வளர்ந்தது. ஹையலுரோனிக் அமிலத்தைக் கரைக்கும் நொதியைக் கீமோவோடு சேர்த்த மூன்றாம் கட்டச் சோதனையும் 2019-இல் தோற்றது. இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் உயிரோடிருந்த காலம்) நொதி சேர்த்தவர்களுக்கு 11.2 மாதம், சேர்க்காதவர்களுக்கு 11.5 மாதம். இத்தனைக்கும் கட்டியில் அந்த அமிலம் அதிகம் உள்ளவர்களைப் பார்த்துத்தான் எடுத்திருந்தார்கள்.

அழிப்பதைவிடச் சீராக்குவது பலித்திருக்கிறது, அதுவும் அளவோடு. ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப்-ஐ அடைத்தால் கட்டி பட்டினியாகிச் சாகும் என்பது முதல் எண்ணம். மிதமாக அடைத்தால் ஓட்டைக் குழாய்கள் ஓரளவு ஒழுங்காகி, அழுத்தம் குறைந்து, மருந்தும் ஆக்சிஜனும் நன்றாகப் போகும் என்பது 2001-இல் ஆய்வாளர் ராகேஷ் ஜெயின் முன்வைத்த எண்ணம். எலிகளில் இந்த நல்ல காலம் சில நாட்கள்தான் நீடிக்கிறது. அளவு மிஞ்சினால் குழாய்களே உதிர்ந்து ஆக்சிஜன் குறைவு கூடும். நுரையீரல் புற்று நோயாளிகளில் விஇஜிஎஃப்-ஐ அடைக்கும் பெவாசிசுமாப் கொடுத்த சில மணி நேரத்தில் கட்டிக்குள் டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து போவது குறைந்ததைப் படமெடுத்தே காட்டியிருக்கிறார்கள். ஆகவே எந்த மருந்தை முதலில், எத்தனை நாள் இடைவெளியில் என்பது அலங்காரக் கேள்வி இல்லை. கல்லீரல் புற்றில் பெவாசிசுமாபையும் அட்டெசோலிசுமாபையும் சேர்த்துக் கொடுத்தபோது ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 67.2 சதவீதம், பழைய மருந்தான சொராஃபெனிபில் 54.6 சதவீதம். விஇஜிஎஃப் குழாய்களைக் கெடுப்பதோடு நோயெதிர்ப்புச் செல்களையும் அடக்குவதால் இந்தக் கூட்டணிக்குப் பொருள் இருக்கிறது.

ஆய்வகத்தில் இதைச் சோதிக்க நினைப்பவர்கள் வழக்கமாக இடறும் இடங்களைச் சொல்கிறேன். முதலில் வளர்ப்பு ஊடகம். வழக்கமான அதிக குளுக்கோஸ் ஊடகத்தில் 25 மில்லிமோலார் குளுக்கோஸ். ரத்தத்தில் 5-ஐ ஒட்டித்தான். மனித ரத்தத்தில் ஏராளமாக உள்ள யூரிக் அமிலம் வழக்கமான ஊடகத்தில் இல்லை. ரத்தத்தைப் போலவே அதைச் சேர்த்துத் தயாரித்த ஊடகத்தில் 5-ஃப்ளூரோயூராசில் என்ற கீமோ மருந்தின் வேகம் குறைந்ததை 2017-இல் கண்டார்கள், ஏனென்றால் அந்த மருந்தைச் செயலூக்கம் பெறவைக்கும் நொதியை யூரிக் அமிலம் தடுக்கிறது. எலியின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மனிதரைவிட மிகக் குறைவு என்பதால் எலியிலும் இது தெரியாது.

இரண்டு வகைச் செல்களைச் சேர்த்து வளர்க்கும்போது மூன்று படியாகப் போவது நல்லது. முதலில் ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ந்த ஊடகத்தை மட்டும் எடுத்துப் புற்றுச்செல்லுக்குக் கொடுங்கள். எதிர்ப்பு வந்தால் காரணம் சுரப்புப் பொருள். வராவிட்டால் 0.4 மைக்ரான் துளை கொண்ட சவ்வால் பிரித்து இரண்டையும் ஒன்றாக வளருங்கள். செல்கள் தொடாது, புரதங்கள் இருபக்கமும் போகும். அங்கே வந்தால் இரண்டும் பேசிக்கொண்ட பிறகே அந்தப் பொருள் சுரக்கிறது. அங்கும் வராமல், நேரடியாகக் கலந்தால் மட்டும் வந்தால் தொடுதல் காரணமாக இருக்கலாம். கலந்து வளர்க்கும்போது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை அளந்து உயிர்ச்செல்லைக் கணக்கிட்டால் மோசம் போவீர்கள்: மருந்து தொடாத ஃபைப்ரோபிளாஸ்டின் ஏடிபியும் அதில் சேர்ந்து, இல்லாத எதிர்ப்பு இருப்பதுபோல் காட்டும். புற்றுச்செல்லுக்கு ஒளிரும் அடையாளம் போட்டு அதை மட்டும் எண்ணவேண்டும். மருந்தில்லாத கலப்புக் கிண்ணத்தையும் கட்டாயம் வையுங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் வெறுமனே வளர்ச்சியைக் கூட்டுகிறதா, மருந்திலிருந்து காப்பாற்றுகிறதா என்று பிரிக்க அது இல்லாமல் முடியாது.

செல் வளர்ப்புகளில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கான சோதனை இந்த வேலையில் இரட்டிப்பு முக்கியம். மேலே சொன்ன பாக்டீரியா ஆய்வே, ஜெம்சிட்டபினுக்கு எதிர்ப்பைத் தந்த ஃபைப்ரோபிளாஸ்ட் கிண்ணத்தில் மைக்கோபிளாஸ்மா தொற்று இருந்ததைக் கண்டதில் தொடங்கியதுதான்.

ஆக்சிஜன் குறைவில் சோதிக்கும்போது, 1 சதவீத ஆக்சிஜன் பெட்டிக்குள் கிண்ணத்தை வைத்த நொடியே செல்லுக்கு 1 சதவீதம் கிடைத்துவிடாது. ஊடகமும் பிளாஸ்டிக்கும் பிடித்து வைத்த ஆக்சிஜன் வெளியேறப் பல மணி நேரம் ஆகும், ஆகவே ஊடகத்தை முந்தின இரவே பெட்டிக்குள் வையுங்கள். முடிக்கும்போது நேர்மாறு: கிண்ணத்தை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா பாதி காணாமல் போயிருக்கும். பெட்டிக்குள்ளேயே செல்லை உடைத்துவிடுவது உத்தமம். தட்டுக்குப் பதில் செல் உருண்டை வளர்த்தால், விட்டம் 500 மைக்ரானைத் தாண்டினால்தான் நடுவில் ஆக்சிஜன் குறைந்த மையம் நம்பகமாக உருவாகும். 200 மைக்ரான் உருண்டையை வைத்து ஊடுருவல் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

மனிதக் கட்டியை எலிக்குள் வைப்பதிலும் ஒரு பொறி உண்டு. கட்டியின் புற்றுச்செல் மனிதனுடையது, சூழல் எலியுடையது. எலியின் எச்ஜிஎஃப் மனித மெட் ஏற்பியை ஒழுங்காகத் தூண்டாது. மனித எச்ஜிஎஃப் சுரக்கும்படி மாற்றிய எலி இல்லாமல் சோதித்தால், மேலே சொன்ன மெலனோமா எதிர்ப்பு கண்ணிலேயே படாது, மருந்து பிரமாதம் என்று அறிக்கை எழுதிவிடுவீர்கள்.

நோயாளியின் திசு மாதிரியிலும் ஊசி எங்கே குத்தியது என்பதைப் பொறுத்துப் படம் மாறும். செல்களைக் கரைத்து மரபணுவை மட்டும் படித்தால் இருப்பிடத் தகவல் போய்விடுகிறது. சாதாரணமாக வெட்டிச் சாயம் போட்ட துண்டிலேயே டி செல் உள்ளே இருக்கிறதா ஓரத்தில் நிற்கிறதா, நார்த்திசு எவ்வளவு, (ஆக்சிஜன் குறைந்தால் கூடும் புரதமான) கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-9 சாயம் ஏறிய ஆக்சிஜன் குறைந்த பகுதி ரத்தக்குழாயிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் பார்க்கமுடியும். மருந்து தோற்ற பிறகு இரண்டாவது முறை திசு எடுக்க வாய்ப்புக் கிடைத்தால், மரபணுப் பரிசோதனைக்கு எல்லாத் துண்டையும் அனுப்பிவிடாமல் இதற்காக ஒன்றை முழுதாக ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.